பொருத்தனைப் பிள்ளை

என் தம்பி செத்தது விசுவாசத்தினாலா, விவரமில்லாமலா என்பதில் திருப்பூரில் இரண்டு கட்சி உண்டு. எங்கள் சபையில் இருப்பவர்கள் முதல் கட்சி. பனியன் கம்பெனியில் அவனோடு வேலை பார்த்தவர்கள் இரண்டாவது கட்சி. என்னைப் பார்த்தால் இரண்டு பேருமே வாயைப் பிடுங்குவார்கள். நான் அந்தந்த இடத்துக்குத் தக்கபடி தலையை ஆட்டிவிட்டு நகர்ந்துவிடுவேன். தலையாட்டுவது எனக்குப் புதிதல்ல. அவன் சாவு தொடங்கியதே நான் ஒருமுறை தலையாட்டியதில்தான்.

திருச்செந்தூர்ப் பக்கத்துத் தேரிக்காட்டு ஊரிலிருந்து மூன்று பேராக வந்தோம். அம்மா, நான், என்னைவிட ஐந்து வயது இளைய தம்பி. அப்பா அதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். நல்லூரில் ஒரு லைன் வீட்டில் ஓர் அறை கிடைத்தது. எதிரே நிட்டிங் பட்டறை, அதை ஒட்டி நாங்கள் மூவரும் வேலைக்குப் போன கம்பெனி. நான் ஓவர்லாக் டெய்லர். தைத்து வந்த பனியன்களில் நூல் பிசிறு வெட்டுவது அம்மாவின் வேலை. தம்பி கட்டிங் பிரிவில் சேர்ந்து நாலே வருஷத்தில் கட்டிங் மாஸ்டராகிவிட்டான். அடுக்கடுக்காகத் துணியை விரித்து, மேலே அளவு வரைந்து, மெஷினைத் தள்ளிக்கொண்டு போவான். வளைவில்கூட அவன் கை நடுங்கிப் பார்த்ததில்லை. துணி வீணாகாது என்பதால் முதலாளி அவனைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடினார்.

எங்கள் சபை அந்தத் தெருமுனையில் ஒரு பட்டறையின் மாடியில் இருந்தது. மேலே சிமெண்ட் ஷீட், கீழே ஞாயிற்றுக்கிழமையும் ஓடும் மெஷின்கள். வருபவர்கள் எல்லாருமே எங்களைப்போலத் தெற்கிலிருந்து பிழைக்க வந்தவர்கள். சொந்த ஊரில் ஆளுக்கொரு கோயில் வைத்துக்கொண்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காதவர்கள், இங்கே ஒரே பாயில் உட்கார்ந்து பாடினோம். அங்கே வாரம் ஒருவர் எழுந்து சாட்சி சொல்ல வேண்டும். கர்த்தர் தனக்குச் செய்த நன்மையைச் சபையார் முன் சொல்வதுதான் சாட்சி. முதல் வருஷம் அம்மாவின் முறை வந்தது. அவள் பொருத்தனையைச் சொன்னாள்.

எங்கள் பக்கத்தில் பிள்ளைக்கு நோய் முற்றி, டாக்டரும் கையை விரித்துவிட்டால், தாய் ஒரு பொருத்தனை பண்ணுவாள். பிழைத்தால் இவனை உம்முடைய ஊழியத்துக்கே தந்துவிடுகிறேன் என்று வேண்டிக்கொள்வாள். பிழைத்த பிள்ளைகளில் பாதிப் பேர் வளர்ந்து மளிகைக்கடை வைப்பார்கள், கர்த்தரும் பெரிதாகக் கேட்டுக்கொள்வதில்லை. ஆனால் பண்ணின பொருத்தனை தாயின் தலையில் கடனாக நிற்கும். அம்மா சொன்ன கதையில் அவள் மகன் மூளைக்காய்ச்சலில் மூன்று நாள் நினைவில்லாமல் கிடக்கிறான். ஆஸ்பத்திரியில் வீட்டுக்குக் கொண்டுபோகச் சொல்லிவிடுகிறார்கள். அவள் அவனைத் தூக்கிவந்து கோயிலின் பலிபீடப் படியில் கிடத்துகிறாள். நாலாம் நாள் அவன் தண்ணீர் கேட்கிறான்.

அந்த மகன் நான். எனக்கு அப்போது ஆறு வயது. கண் விழித்தபோது முதுகில் அந்தக் கல் குளிர்ந்தது இன்னும் நினைவிருக்கிறது. தம்பி அப்போது அம்மாவின் இடுப்பில் பால் குடித்துக்கொண்டிருந்தான். பிறகும் வீட்டில் யாரும் அந்தப் பேச்சை எடுத்ததில்லை, அவனுக்கு எதுவும் தெரிய வழியில்லை.

அம்மா சொல்லி முடித்ததும் போதகர் மகிழ்ந்துபோனார். இரண்டு பையன்களில் யாரம்மா அந்தப் பிள்ளை என்று கேட்டார். நாங்கள் இருவரும் அவளுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தோம். அம்மா என்னைப் பார்த்தாள். பிறகு தம்பியின் தலையில் கையை வைத்தாள். போதகர் அப்படியா என்பதுபோல என் பக்கம் திரும்பினார். நான் தலையாட்டினேன்.

அன்று மதியம் அடிகுழாயில் நான் தண்ணீர் அடிக்க, அம்மா குடத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளாகவே சொன்னாள்.

"ஒன்ன விட்டா வீடு எப்படி மக்கா ஓடும்? அவன் சின்னவன். நான் ஆண்டவருக்கு எம்பிள்ளையத் தாரேன்னுதான் சொன்னேன். எந்தப் பிள்ளைன்னா அவரு கேக்கப் போறாரு?"

எனக்கு அது நியாயமாகப் பட்டது. சும்மா சொல்லக்கூடாது, நிம்மதியாகவே இருந்தது. எனக்குப் பெண் பார்க்கப் பேசிக்கொண்டிருந்தார்கள். ஊழியம், காடு, மலை என்றெல்லாம் போய்க் கஷ்டப்பட எனக்கு ஆசையில்லை. நான் கோழை என்பது எனக்குச் சின்ன வயதிலேயே தெரியும். அதை யாரும் கண்டுபிடிக்காமல் பார்த்துக்கொள்வது மட்டும்தான் என் வேலையாக இருந்தது.

ஒரே ஓர் ஆபத்து இருந்தது. எங்கள் வீட்டு வேதப்புத்தகத்தின் முதல் வெற்றுத்தாளில் குடும்பத்தாரின் பிறப்பும் ஞானஸ்நானமும் வரிசையாக எழுதியிருக்கும். அதில் என் பெயருக்கு நேரே எங்கள் ஊர்க் கோயில் உபதேசியார் தன் கையால், 'இவன் கர்த்தருக்குப் பொருத்தனை' என்று எழுதி வைத்திருந்தார். அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. தம்பிக்கோ வாசிப்பு அதிகம். அதுவரை முன்தாளைப் புரட்ட அவனுக்குக் காரணம் இருக்கவில்லை, இனி புரட்டுவான். அந்த வாரமே புத்தகத்துக்கு அட்டை போடுகிறேன் என்று எடுத்தேன். அட்டை உண்மையிலேயே பிய்ந்துதான் இருந்தது. கம்பெனியில் பெட்டி ஒட்டும் பசையைக் கொஞ்சம் கொண்டுவந்து ஓரங்களில் தடவி, அந்த முதல் தாளை அப்படியே அட்டையின் உட்பக்கத்தோடு சேர்த்து ஒட்டிவிட்டேன். மேலே பழுப்புத்தாள் போட்டதும் புத்தகம் புதிதுபோல ஆயிற்று. அம்மா என் கைவேலையை மெச்சினாள்.

தம்பி அதன்பிறகு மாறிப்போனான். தன்னைக் கர்த்தர் சாவிலிருந்து எடுத்து வைத்திருக்கிறார் என்று ஒருவன் நம்பிவிட்டால் அவனுக்கு மற்றதெல்லாம் சின்னதாகிவிடும்போல. வாரக்கடைசியில் சினிமாவுக்குப் போவது நின்றது. கம்பெனியில் அப்போதுதான் வடக்கிலிருந்து ஆட்கள் வரத் தொடங்கியிருந்தார்கள். டீ நேரத்தில் அவர்களோடு உட்கார்ந்து இந்தி கற்றுக்கொண்டான். அவன் பேசும் இந்தியைக் கேட்டு அவர்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள், அவனும் சேர்ந்து சிரிப்பான். இருபத்திரண்டு வயதில் வேலையை விட்டுவிட்டு, வடக்கே ஒரு மலைக்காட்டில் ஊழியம் செய்யும் குழுவில் சேரப்போவதாகச் சொன்னான். ரயிலில் இரண்டு நாள், பஸ்ஸில் ஒரு நாள், பிறகு நடை. அங்கே முன்பு போனவர்களில் ஒருவரை அடித்துத் துரத்தியிருந்தார்கள், ஒருவர் காய்ச்சலில் இறந்திருந்தார். அதையும் அவனே சொன்னான். மறைக்கத் தெரியாதவன்.

அனுப்பும் ஞாயிறு என்று ஒரு வழக்கம் உண்டு. போகிறவனை முன்னால் முழங்காலில் நிறுத்தி, குடும்பத்தார் ஒவ்வொருவரும் அவன் தலையில் கைவைத்து, மனப்பூர்வமாகக் கொடுக்கிறோம் என்று மைக்கில் சொல்ல வேண்டும். அன்றைக்குப் போதகர் எடுத்த பிரசங்கம், மகனைப் பலியிட மலைக்குக் கூட்டிப்போன தகப்பனைப் பற்றியது. அந்தத் தகப்பனுக்கும் இரண்டு பிள்ளைகள். கர்த்தர் கேட்ட பிள்ளையைத்தான் அவர் கூட்டிப் போனார், மற்றவனை அல்ல. அந்த நினைப்பு எனக்கு மைக் கைக்கு வரும்போது வந்தது. 'மனப்பூர்வமாகக் கொடுக்கிறேன்' என்று கணீரென்று சொன்னேன். என் குரல் நன்றாக இருந்தது என்று பிறகு பலர் சொன்னார்கள். அம்மா அந்த வேதப்புத்தகத்தையே அவன் கையில் கொடுத்து அனுப்பினாள்.

மாதம் ஒரு கடிதம் வந்தது. மழையில் குடிசை ஒழுகுகிறது, கிழங்கு சாப்பிடப் பழகிவிட்டேன், பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்கிறேன் என்று எழுதுவான். ஒருமுறை, நான் சொல்வதை இங்கே ஒரே ஒரு பெரியவர்தான் தவறாமல் உட்கார்ந்து கேட்கிறார், அவருக்கும் இரண்டு காதும் மந்தம் என்று எழுதியிருந்தான். அம்மாவுக்கு வாசித்துக் காட்டும்போது அந்த வரியை விட்டுவிட்டேன். எனக்குத் திருமணம் ஆகியிருந்தது. நான் இரண்டு மெஷின் போட்டுச் சொந்தமாகத் தைக்க ஆரம்பித்திருந்தேன். என் பிழைப்பு நன்றாகவே போயிற்று.

ஒன்றரை வருஷம் கழித்து அவனைக் கைத்தாங்கலாகக் கொண்டுவந்து விட்டார்கள். மலேரியா. கண்ணெல்லாம் மஞ்சள், விலா எலும்பு எண்ணிப் பார்க்கிற மாதிரி உடம்பு. ரத்தம் பாதியாகிவிட்டது, மண்ணீரல் வீங்கியிருக்கிறது என்றார் டாக்டர். இன்னொரு தடவை வந்தால் மூளைக்கு ஏறிவிடும், அந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்கக்கூடாது என்று கறாராகச் சொன்னார். தம்பி கேட்டுக்கொண்டான். மூன்று மாதம் அந்த ஒற்றை அறையில் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தான். அதற்குள் என் மகள் பிறந்தாள். அவள் அழுதால் அவன்தான் எடுத்து நெஞ்சில் போட்டுக்கொள்வான். உடம்பு தேறியதும், மழைக்கு முன்னால் திரும்பிப் போகப்போகிறேன் என்றான்.

முதலாளி அவனைப் பார்க்க ஒரு பை ஆரஞ்சோடு வந்தார். கணியூர்ப் பக்கம் தோப்பும் காடும் உள்ள குடும்பம் அவருடையது. இவ்வளவு பெரிய கம்பெனி வைத்திருந்தும், எங்கள் வீட்டு ஸ்டூலில் உட்கார்ந்து, ஒரு பிள்ளையிடம் பேசுகிற மாதிரி பேசினார். வேலை அப்படியே இருக்கிறது, தங்க இடமும் தருகிறேன், உயிரைக் கொண்டுபோய் எதற்குக் காட்டில் வைக்கவேண்டும் என்று கேட்டார். அது அம்மாவின் பொருத்தனை என்று தம்பி சொன்னான். அது என்ன என்று அவர் கேட்டார். அவன் விளக்கினான். அவர் முகம் மாறியது. எழுந்து மேல்துண்டைச் சரிசெய்துகொண்டார்.

"நேந்து உட்டதா கண்ணு? அப்பறம் நான் பேசறதுக்கு ஒண்ணுமில்லீங்க. எங்க ஊர்லயும் அப்படித்தானுங்க. சாமிக்குன்னு ஒரு கெடாய நேந்து உட்டுப்போட்டா, அதுதான் சாமிக்கு. அதைய வெச்சுக்கிட்டு இன்னொண்ணக் கொண்டாந்து நிறுத்தறதெல்லாம் ஆகாதுங்க."

நான் அவருக்குக் காபி ஆற்றிக்கொண்டிருந்தேன். டம்ளர் கையில் சுட்டது, கீழே வைக்கத் தோன்றவில்லை. அம்மா பிசிறு வெட்டிக்கொண்டிருந்தவள் நிமிரவே இல்லை. தம்பி மட்டும் என்னைப் பார்த்தான். காபி சிந்துது அண்ணே என்றான்.

அந்த வாரம் முழுக்க அவனிடம் சொல்லிவிட வேண்டும் என்று இருந்தேன். சொன்னால் என்ன ஆகும் என்றும் யோசித்தேன். அப்படியானால் நீ போ என்று அவன் சொல்லமாட்டான். ஆனால் நானே போகவேண்டும் என்று எனக்குத் தோன்றிவிடுமோ என்று பயந்தேன். போதகருக்கும் சபைக்கும் என்ன பதில் சொல்வது? கைக்குழந்தையை வைத்திருக்கும் மனைவிக்கு என்ன சொல்வது? நாளை சொல்லலாம், ஞாயிறு கழித்துச் சொல்லலாம் என்று தள்ளிக்கொண்டே வந்தேன். ரயில் நாள் வந்துவிட்டது.

ஸ்டேஷனுக்கு நான் ஒருவன்தான் போனேன். உச்சிவெயில். பிளாட்பாரம் முழுக்க ஊருக்குத் திரும்பும் வடக்கத்திப் பையன்கள், பெட்டிகள், பக்கெட்டுகள். அவன் பையை ஏற்றி வைத்துவிட்டு மறுபடி கீழே இறங்கி என் பக்கத்தில் வந்து நின்றான். வண்டி கிளம்ப இன்னும் நேரமிருந்தது.

"அண்ணே, எங்கிட்ட எதும் சொல்லணுமா?"

சாதாரணமாகத்தான் கேட்டான். கிளம்புகிறவன் கேட்பதுதான்.

"தண்ணியக் காய்ச்சிக் குடிலே. வலை கட்டாமப் படுக்காத."

சரி அண்ணே என்று சிரித்தான். வண்டி கிளம்பியதும் வாசலில் நின்று கையை ஆட்டினான். நானும் ஆட்டினேன். பாரம் இறங்கிய மாதிரி இருந்தது. அதை எழுதக் கூசுகிறது, ஆனால் அப்படித்தான் இருந்தது.

நாலாவது மாதம் கம்பெனி ஆபீஸ் போனுக்குச் செய்தி வந்தது. இறந்து மூன்று நாளாகிவிட்டது, அங்கேயே அடக்கம் செய்துவிட்டோம் என்றார்கள். அங்கிருந்து சாலைக்கு வரவே ஒரு நாள் ஆகுமாம். யாரும் அவனை அடிக்கவில்லை. நாங்கள் பயந்ததெல்லாம் மனிதருக்கு. கொசு கடித்துச் செத்தான். பிள்ளை பெற்ற ஒருத்தி வலையில்லாமல் கிடக்கிறாள் என்று தன் வலையைக் கொடுத்துவிட்டானாம். மாத்திரை தலையைச் சுற்றுகிறது, நடக்க முடியவில்லை என்று அதையும் நிறுத்தியிருக்கிறான். வலையைக் கொடுத்தவன் மாத்திரையையாவது விழுங்கியிருக்கக் கூடாதா? இதைக் கேட்டபோது எனக்கு அழுகை வரவில்லை. அவனைச் செவிட்டில் அறையவேண்டும் என்றுதான் இருந்தது.

சபையில் நினைவு ஆராதனை வைத்தார்கள். வாசலில் பெரிய பிளெக்ஸ். அதில் அவனுக்குக் கோட்டும் டையும் மாட்டியிருந்தார்கள். ஸ்டூடியோக்காரன் கம்ப்யூட்டரில் ஒட்டிவைத்தது. வாழ்நாளில் அவன் டை கட்டியதில்லை. மேலே 'இரத்தசாட்சி' என்று, விசுவாசத்துக்காகக் கொல்லப்பட்டவர்களுக்குச் சொல்லும் வார்த்தையைப் போட்டிருந்தார்கள். காய்ச்சலில் இறந்தவனுக்கு அந்த வார்த்தை பொருந்துமா ஐயா என்று போதகரிடம் கேட்டேன். அவர் என் தோளில் கைபோட்டு, ஊழியத்தில் இறந்தால் எல்லாம் ஒன்றுதான் என்றார். மாத்திரையை நிறுத்திய கதை பிரசங்கத்தில் வரவில்லை, வலை கொடுத்த கதை வந்தது. பின்வரிசை நாற்காலியில் கட்டிங் பிரிவு ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். கெட்டிக்காரப் பையன், வீணாப் போயிட்டானுங்க என்று ஒருவர் சொன்னது என் காதில் விழுந்தது. முதலாளி கடைசிவரை இருந்துவிட்டுப் போனார்.

அவன் பை ஒரு மாதம் கழித்து வந்தது. இரண்டு சட்டை, அவனுடைய பழைய கட்டிங் கத்தரி, ஒரு நோட்டு, அந்த வேதப்புத்தகம். மழைக்காற்றில் பழுப்புத்தாள் பூஞ்சை பிடித்திருந்தது. நான் அட்டையைத்தான் முதலில் திறந்தேன். நான் ஒட்டிய தாள் ஒட்டாமல் தனியாக நின்றது. ஈரத்தில் கழன்றதல்ல. ஓரத்தில் பிளேடு வைத்து, பசை இருந்த இடத்தை மட்டும் நூல் பிடித்த மாதிரி நேராகச் சீவி எடுத்திருந்தான். அப்படி வெட்ட எங்கள் தெருவில் அவன் ஒருவனுக்குத்தான் கை வரும்.

உள்ளே என் பெயரும் அதற்கு நேரே உபதேசியாரின் கையெழுத்தும் இருந்தன. கீழே தம்பியின் பெயர். அதற்கு நேரே, 'இவன் கர்த்தருக்குப் பொருத்தனை' என்று அவனே எழுதித் தேதியும் போட்டிருந்தான். ரயில் ஏறுவதற்கு ஆறு நாள் முந்தைய தேதி. அடுத்த வரியில் என் மகளின் பெயரும் பிறந்தநாளும் அவன் எழுத்தில் இருந்தன. ஆக, என் வீட்டில் படுத்துக்கொண்டே இதையெல்லாம் செய்திருக்கிறான். எல்லாம் தெரிந்துகொண்டுதான் ஸ்டேஷனில் என்னிடம் கேட்டிருக்கிறான். நான் அவனிடம் தண்ணீரைக் காய்ச்சச் சொன்னேன்.

அவன் ஏமாந்து செத்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தவரை எனக்கு அழ ஒரு வழி இருந்தது. தெரிந்தே போனவனை என்ன என்று சொல்வது? விசுவாசம் என்று சொன்னால் நான் செய்ததற்கு அவனை வைத்து வெள்ளையடிக்கிற மாதிரி இருக்கிறது. முட்டாள்தனம் என்று சொல்ல எனக்கு எந்த யோக்கியதையும் இல்லை.

அம்மா அப்போது எதிரே உட்கார்ந்து வீட்டுக்குக் கொண்டுவந்த பனியன்களில் பிசிறு வெட்டிக்கொண்டிருந்தாள். அன்றைக்கு உபதேசியார் எழுதினாரே, அது இன்னும் இருக்கிறதா என்று கேட்டாள். இத்தனை வருஷத்தில் அவள் அதைப் பற்றிக் கேட்டது அப்போதுதான். இருக்கிறது என்றேன். சின்னவன் ஏதாவது எழுதியிருக்கிறானா என்றாள். பக்கம் முழுவதையும் ஒரு வரி விடாமல் வாசித்துக் காட்டினேன். அவள் கையிலிருந்த கட்டர் நின்றது.

"ஒன் பேருக்கு நேர உள்ளத அவன் அடிச்சிட்டானா?"

"இல்லம்மா."

மூலைத் தொட்டிலில் என் மகள் தூங்கிக்கொண்டிருந்தாள். அம்மா அந்தப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"நீ அடிச்சிரு மக்கா. சின்னவன்தான் போயிட்டாம்லா. பச்சப்பிள்ள இருக்கு."

சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து மூடியைக் கழற்றினேன். தாளின் மேல் வைத்தேன். என் வரியை அடித்தால் அவன் எழுதியது மட்டும் மிஞ்சும், அது உண்மையாகிவிடும். பேனா முனை நின்ற இடத்தில் மை ஊறி ஒரு புள்ளி விழுந்தது. அம்மா என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் மூடியைப் போட்டு, புத்தகத்தை அலமாரியில் வைத்தேன்.

அந்த வரியை நான் இன்றுவரை அடிக்கவில்லை. எங்கேயும் போகவும் இல்லை. நல்லூரில்தான் இருக்கிறேன்.